பழைய சோறும் மனநிலையும்

பழைய சோறு உண்டால் மனச்சோர்வு நீங்கும் என்று சொல்லும் காணொளி ஒன்றைச் சித்தப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தார். பழையது மந்தம் தரும், படிக்கிற பிள்ளைகளுக்கு ஆகாது என்று முன்பு கண்டித்தவரும் அவரே.

சோற்றில் நீரூற்றி இரவு முழுவதும் மூடி வைத்தால், விடியலில் நீர் கலங்கி, பருக்கைகள் மெத்தென்றாகி, இளம்புளிப்பு வாடை எழும். அது லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் வேலை. அவற்றுள் சில, குளூட்டமிக் அமிலத்தைக் காபா என்னும் பொருளாக மாற்ற வல்லவை. மூளையில் நரம்புக் கிளர்ச்சியைத் தணிப்பதும் காபாதான். காணொளிக்காரர்கள் இந்த இடத்திலேயே முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். ஆனால் உணவின் வழியே வரும் காபா, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் கடப்பதில்லை. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்னும் பொருளில், உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது என்பது உண்மையே என்றாலும், அதுவும் அந்தத் தடுப்பைத் தாண்டாது.

ஆயினும் குடலிலிருந்து மூளைக்குச் செய்தி செல்ல வேகஸ் நரம்பு இருக்கிறது. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் என்னும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் வகை ஒன்றை உண்ட எலிகளிடம் பதற்றம் குறைந்தது. வேகஸ் நரம்பு துண்டிக்கப்பட்ட எலிகளிடம் அம்மாற்றம் தோன்றவில்லை. அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவோ, சப்பென்று போயிற்று. பின்னர் 2022இல், முழுத்தானியம், பயறு, நொதித்த உணவு ஆகியவை மிகுந்த உணவுமுறையை 45 பேரைக் கொண்டு நான்கு வாரங்கள் சோதித்தபோது, அதைக் கூடுதலாகக் கடைப்பிடித்தவர்களுக்கு மனஅழுத்தம் அதிகமாகக் குறைந்திருந்தது. நல்ல செய்திதான், ஆனால் இத்தனை உணவுகள் ஒன்றாய்ச் சேர்ந்த பலனை நொதித்தலின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. (இட்லிப் பிரியர்களுக்கு ஒரு சொல்: ஆவியில் வேகும்போது மாவிலுள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மடிந்துவிடும்.)

என் பார்வையில், இதைவிட உறுதியான தொடர்பு சத்துகளின் வழியே வருகிறது. குழந்தைகளின் கவனத்தையும் கற்றலையும் இரும்புச்சத்துக் குறைபாடு பாதிக்கும். கம்பிலும் கேழ்வரகிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. மாவு புளிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு ஊறியபின் 73.91 மில்லிகிராம் ஆகிவிடும் என்று பரவும் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். நொதித்தல் இரும்பை விடுவிக்குமே தவிர, புதிதாக உண்டாக்காது. கூழுக்கு மோர் கலந்தால் உயிருள்ள பாக்டீரியாவும் கிடைக்கும். தொட்டுக்கொள்ளப் பச்சை மாங்காய் இருந்தால், அதன் வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்கவும் உதவும்.