சைக்கிள் கனக்கிறதா? முதலில் காற்றைப் பாருங்கள்

சென்னையில் ஆசையாகச் சைக்கிள் வாங்கி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டு, இரண்டாம் மாதமே அதை மாடிப்படிக்கு அடியில் போட்டுவிடுகிறவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மிதிக்க முடியலைங்க, ரொம்ப கனக்குது." வெயில், தூரம், போக்குவரத்து எல்லாம் அதற்குப் பிறகுதான். வாங்கிய அன்று அதே வண்டி லேசாகத்தான் ஓடியது. டயரில் காற்று இறங்கியிருக்கும், செயின் காய்ந்திருக்கும், சீட்டு கடைக்காரர் வைத்துக்கொடுத்த உயரத்திலேயே இருக்கும். இந்த மூன்றையும் சரிசெய்யப் பெரிய செலவில்லை. சரிசெய்யாமல் இருபதாயிரம் கொடுத்துக் கியர் வண்டி வாங்கினால், அதுவும் இரண்டே மாதத்தில் கனக்கத்தான் செய்யும்.

சைக்கிள் டியூப் பஞ்சர் ஆகாமலே காற்றை இழக்கும். ரப்பரின் ஊடாகவே காற்று மெல்லக் கசிந்து, வாரத்துக்குச் சில பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஒல்லி டயரில் இன்னும் வேகமாகக் குறையும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று கிளம்புவதில் பயனில்லை. 35 பிஎஸ்ஐயும் 50 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மிதிக்கும் காலுக்கும், குழியில் இறங்கும் டியூபுக்கும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எவ்வளவு அடிக்கவேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். 40 முதல் 65 வரை என்று இருந்தால் அந்த இரண்டு எல்லையையும் தாண்டக்கூடாது. இடையில் உங்கள் எடைக்கு ஏற்றதைத் தேடவேண்டும். 65, 70 கிலோ எடையுள்ளவர் ஒரு பையோடு போவதாக வைத்துக்கொண்டால், 26 × 1.95 என்று அளவு போட்ட டயருக்குப் பின்னால் 45 முதல் 50, முன்னால் 40 போதும். 700 × 35 டயருக்குப் பின்னால் 60, முன்னால் 50 வைத்துத் தொடங்கிப் பாருங்கள். உடல் எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. இரண்டிலும் ஒரே அளவு அடித்தால் முன்சக்கரம் கைகளை உலுக்கும். பழைய கறுப்புப் பெரிய சைக்கிளுக்கு டயரில் போட்டிருக்கும் மேல்வரம்பை ஒட்டியே அடிக்கலாம்.

பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அங்கிருப்பவரின் கை பழகியது மோட்டார் பைக்குக்கு, அதாவது 25 முதல் 33 பிஎஸ்ஐ வரை. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அதைத்தான் வைப்பார். "அண்ணே, பின்னாடி 50, முன்னாடி 40" என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சைக்கிள் டியூபின் கொள்ளளவு சின்னது; கம்ப்ரசர் காற்று நொடிக்கணக்கில் நிரம்பிவிடும். அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் டியூப் வெடிக்கும். இதையெல்லாம் விட, கேஜ் வைத்த கால்பம்பு ஒன்று வீட்டில் இருப்பதே நல்லது. ஞாயிறு காலையில் ஐந்து நிமிட வேலை.

பழைய சைக்கிள்களில் வால் டியூப் என்ற சிறு ரப்பர் குழாய் போட்ட வால்வு இருக்கும். அதில் ஒரு சிக்கல்: பம்பின் கேஜ் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது. அந்தக் குழாய் வெயிலில் வெடித்துப்போகும். அதைப் பஞ்சர் என்று நினைத்து டயரைக் கழற்றுவது வீண் வேலை. வால்வின் வாயில் எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவினால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்தமுறை டியூப் மாற்றும்போது மோட்டார் பைக் வால்வு வைத்த டியூபாகக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான ரிம்களில் அதே துளையில் நுழையும்.

பஞ்சர் விஷயத்தில் ஒட்டுவதைவிட, ஏன் ஆனது என்று பார்ப்பதுதான் முக்கியம். அதை விட்டுவிட்டு ஒட்டினால் மறுநாள் அதே இடத்தில் காற்று போகும். டயரைக் கழற்றும் முன் வால்வு இருக்கும் இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டை கண்டபிறகு இரண்டையும் பொருத்திப் பார்த்தால், டயரில் எங்கே தேடவேண்டும் என்று தெரியும். அந்த இடத்தில் உள்பக்கமாகத் துணியை வைத்து மெதுவாகத் தடவிவாருங்கள். துணி நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள்ளோ கண்ணாடித் துணுக்கோ இருக்கும். லாரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது உதிரும் தலைமுடி அளவு இரும்புக் கம்பி இன்னும் மோசம். ஜிஎஸ்டி சாலை போன்ற இடங்களில் ஓரமாகவே போகிறவர்களுக்கு இது அடிக்கடி ஏறும். கண்ணுக்குத் தெரியாது, விரலில் குத்தும்போதுதான் தெரியும். கைவசம் ஒரு மூக்குச்சாமணமோ நகவெட்டியோ இருந்தால் பிடுங்கிவிடலாம்.

ஓட்டையின் வடிவமே காரணத்தைச் சொல்லும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள், பாம்பு கடித்த தடம் போல இருந்தால், முள்ளைத் தேடவேண்டாம். காற்று குறைவாக இருந்து, குழியிலோ வேகத்தடையிலோ ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ஓட்டை டியூபின் உள்வட்டத்தில், ரிம்மைத் தொடும் பக்கம் இருந்தால், ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் விலகி, முனை குத்தியிருக்கும். டேப்பை மாற்றாமல் டியூபை மட்டும் மாற்றினால் புது டியூபும் போகும். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்ட முடியாது, டியூபை மாற்றவேண்டியதுதான். வால்வு சாய்ந்து நிற்பதுதான் இந்தக் கிழிசலுக்கு முன்னறிகுறி. குறைந்த காற்றில் ஓட்டினால் டியூப் மெல்ல நகர்ந்து வால்வை இழுக்கும்.

ஒட்டும்போது எல்லோரும் செய்யும் தவறு அவசரம். உப்புத்தாளால் ஓட்டையைச் சுற்றி, ஒட்டுத்துண்டைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்குத் தேயுங்கள். டியூபின் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் தெரியவேண்டும். டியூபில் வார்ப்புக்கோடு மேடாக ஓடினால் அதையும் தேய்த்துச் சமமாக்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டின் வழியே காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிய ஒரு பூச்சாகத் தடவி, ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரப் பளபளப்பு முழுதும் போய், தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகுதான் துண்டை வைக்கவேண்டும். சொல்யூஷன் பசைபோல ஒட்டுவதில்லை; உலர்ந்தபிறகுதான் இரண்டு ரப்பரும் ஒன்றோடொன்று பிடிக்கும். ஈரத்திலேயே அமுக்கினால் நடுவில் பிடித்து ஓரத்தில் தூக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து வெளியே தள்ளி அமுக்குங்கள். திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும். பையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போகாமல் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

இனி செயின். கறுப்பாக, மெழுகு பூசியதுபோல இருக்கும் செயினில் எண்ணெய் இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். அது மண்ணும் பழைய எண்ணெயும் சேர்ந்த சேறு. அதன்மேல் இன்னும் எண்ணெய் ஊற்றினால், உப்புத்தாள் வேலையைத்தான் அது செய்யும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பழைய இஞ்சின் ஆயிலில் உலோகத் துகள் கலந்திருக்கும், வேண்டாம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசின்போல இறுகும். துருநீக்க ஸ்ப்ரே சுத்தம் செய்ய உதவும், ஆனால் அது மசகு ஆகாது. தையல் இயந்திர எண்ணெய் வெயில் காலத்துக்குப் பரவாயில்லை, மழை வந்தால் ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெய் கிடைத்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் புதிய இஞ்சின் ஆயில் போதும்.

மண்ணெண்ணெயோ டீசலோ நனைத்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். துணி கறுப்பாவது குறையும்வரை செய்து, உலர விடுங்கள். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. மொத்தம் நூற்றுச் சொச்சம் சொட்டு, பத்து நிமிடம் ஆகும். கடைசியாக உலர்ந்த துணியால் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது உருளைக்கு உள்ளேதான், வெளியே இருப்பது புழுதியைத்தான் பிடிக்கும். 150, 200 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் இதைச் செய்யவேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி செய்யவேண்டும். உப்புக்காற்றில் ஒரு வாரம் நிற்கும் செயினிலேயே செந்துரு தெரியும். அதே காற்றில் சீட்டுக் கம்பியும் பிரேமோடு துருவால் பிடித்துக்கொள்ளும். வருடம் ஒருமுறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, பள்ளிப்பிள்ளையின் ஸ்கேல் போதும். செயினில் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் அரை அங்குலம். ஸ்கேலின் பூஜ்யத்தை ஓர் ஊசியின் நடுவில் வைத்தால், 12 அங்குலத்தில் இன்னோர் ஊசியின் நடு சரியாக நிற்கவேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். புதுச் செயின் மட்டும் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது நழுவும். நேரத்தில் செயினை மாற்றுகிறவர் ப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைக் காப்பாற்றுகிறார்.

சீட்டு உயரம் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. இரண்டு காலும் தரையில் பதியவேண்டும் என்று தாழ்த்தி வைத்துக்கொண்டால், முழங்கால் முழுதாக நீளாமலே மிதிக்கவேண்டியிருக்கும். தொடை சீக்கிரம் களைக்கும், முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். சுவரைப் பிடித்துச் சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடியில் இறக்கி, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் அப்போது நேராக இருக்கவேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் சிறு வளைவு தானாக வரும். முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ இடுப்பு இருபக்கமும் ஆடினாலோ உயரம் அதிகம். ஒரேயடியாக மாற்றாமல் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டராக ஏற்றினால் உடம்பு பழகிவிடும். சீட்டுக் கம்பியில் குறித்திருக்கும் கடைசிக் கோடு வெளியே தெரியக்கூடாது. சிக்னலில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கியர் இல்லாத வண்டியில் மேம்பாலம் ஏறத் திணறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 அங்குலச் சக்கரம் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். பின்னால் 20 பல் ப்ரீவீல் போட்டால் அது 4.9 மீட்டராகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு 17 கிலோமீட்டர் வந்துவிடும்; நகருக்குள் அது போதும். ரத்தன் பஜார் பக்கம் சைக்கிள் உதிரிபாகக் கடைகளில் பல் எண்ணிக்கையைச் சொல்லிக் கேட்கலாம். மேம்பாலம் தவிரப் பெரிய மேடு இல்லாத இந்த ஊரில் 21 கியர் அவசியமே இல்லை. முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த மலிவு சைக்கிளையும் தவிர்த்துவிடுங்கள். எடை கூடும், மேட்டில் எழுந்து மிதிக்கும்போது உங்கள் உழைப்பில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே அமுங்கி வாங்கிக்கொள்ளும். அந்தப் பணத்தில் மட்கார்டும் கேரியரும் நல்ல டயரும் வாங்கலாம். லேப்டாப் பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினால் வியர்வையில் சட்டை பாதிதான் நனையும்.

வீட்டில் பெடல் மாட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: இடது பெடலுக்கு மரை தலைகீழ். இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் பலமாக வலப்பக்கம் திருகினால், பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையே போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. பிரேக் கட்டை முதலில் ரிம்மிலுள்ள தண்ணீரை வழித்தெடுக்கவேண்டும், அதற்குச் சக்கரம் ஓரிரு சுற்றாவது ஓடவேண்டும். ஆகவே முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மை உலர்த்திக்கொள்ளுங்கள். சாலையில் பெயின்ட் அடித்த கோடு, மெட்ரோ வேலைக்குப் போட்ட இரும்புத் தகடு, தண்டவாளம் இவற்றின்மேல் திரும்பவும் கூடாது, பிரேக் போடவும் கூடாது, நேராகக் கடந்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் அச்சைத் தொடும் ஆழம் என்றால் இறங்கி வேறு வழி பாருங்கள். அடியில் மூடியில்லாத குழி இருக்கலாம் என்பது முதல் காரணம். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்து, குண்டுகள் துருப்பிடிக்கும் என்பது இரண்டாவது. அப்படி ஒருமுறை மூழ்கிவிட்டால் அந்த வாரமே பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் போடக் கொடுத்துவிடுங்கள்.

பையில் ஒரு மாற்று டியூப் எப்போதும் இருக்கட்டும். இருட்டிலும் மழையிலும் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. வாங்கும்போது "26 இன்ச்" என்று மட்டும் கேட்டால் தப்பாகிவிடும். 26 × 1.95 ஒரு ரிம், 26 × 1⅜ வேறு ரிம். முதலாவதின் விட்டம் 559 மில்லிமீட்டர், இரண்டாவது 590. டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல இரண்டு எண்கள் கோடு போட்டு இருக்கும்: முன்னது அகலம், பின்னது ரிம்மின் விட்டம். அந்த எண்ணையும் வால்வையும் இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதைக் காட்டி டியூப் கேளுங்கள்.