4-2 எண்ட கிணறு எங்க போச்சு?

சித்தப்பான்ர மகள் கம்பசில கடைசி வருசம், யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கக் கிணறுகளில நைத்திரேற்று (பசளையில இருந்து தண்ணிக்குள்ள இறங்கிற உப்பு) எவ்வளவு இருக்கெண்டு பாக்கிறதுதான் அவவின்ர ஆய்வு. போன கிழமை லப்டொப்போட வந்து "அண்ணா, இந்த எக்செல் பைலை ஒருக்காப் பாருங்கோவன், சில கிணறு காணேல்ல, சிலது ரெண்டு தரம் வருது" எண்டா.

திறந்து பாத்தா கிணத்து நம்பர் இருக்கவேண்டிய கொலத்தில (நிரலில) பெப்ரவரி 4, ஏப்ரல் 2 எண்டு திகதியள். நாலாம் ஊர் ரெண்டாம் கிணறு எண்டதுக்கு 4-2 எண்டு அடிச்சிருக்கிறா, எக்செல் கேக்காமலே அதைத் திகதி ஆக்கிப்போட்டுது. பாதி அவவின்ர லப்டொப்பில அடிச்சது, பாதி சிநேகிதியின்ரயில, ஒண்டில திகதி அமெரிக்க முறை, மற்றதில எங்கட முறை, அப்ப அங்க அடிச்ச 4-2ம் இங்க அடிச்ச 2-4ம் ரெண்டுமே ஏப்ரல் 2 ஆகி ஒரே கிணறாப் போச்சு. திரும்ப டெக்ஸ்ட் எண்டு மாத்தினாலும் ஐஞ்சு இலக்க நம்பர் ஒண்டுதான் வரும், ஏனெண்டா உள்ளுக்க அது 1900இல இருந்து நாள் எண்ணித்தான் வைச்சிருக்கு. மரபணு ஆராய்ச்சிக்காரருக்கும் இதே கரைச்சல்தான், மார்ச்1 எண்ட மரபணு திகதியாகிக்கொண்டே இருந்து கடைசியில 2020இல பேரையே மாத்திச்சினம்.

நல்லகாலம், கையால எழுதின கொப்பி இருந்தது. கொலத்தை முதலே டெக்ஸ்ட் ஆக்கிப்போட்டு ரெண்டு பேரும் இருந்து திரும்ப அடிச்சம். பேந்து சிஎஸ்வி எண்ட வெறும் எழுத்துப் பைலாச் சேவ் பண்ணி, பைத்தன் எண்ட புரோகிராம் மொழியில, அட்டவணை வாசிக்கிற பண்டாஸ் எண்ட கருவியால எல்லாக் கொலத்தையும் எழுத்தாவே வாசிக்கச் சொல்லி, தேவையானதை மட்டும் நான் நம்பராக்கினன்.

அப்பதான் மற்றது தெரிஞ்சுது. சில கிணத்தில நைத்திரேற்று லீற்றருக்கு 9, 10 மில்லிகிராம் எண்டு நிக்குது, பக்கத்துக் கிணத்தில 45. சுண்ணாம்புக்கல்லுக்கால ஓடுற தண்ணி, பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ரெண்டிலயும் வெங்காயத்துக்கு ஒரே பசளை, இவ்வளவு வித்தியாசம் எப்பிடி? கேட்டா, பழைய அளவுகள் நைத்திரேற்று-நைதரசன் கணக்கில, அதாவது நைத்திரேற்றுக்குள்ள இருக்கிற நைதரசனை மட்டும் எண்ணி எழுதினதாம், புதுசு முழு நைத்திரேற்றாவே. முந்தினதை 4.43ஆல பெருக்கினால்தான் ரெண்டும் ஒண்டு. உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை நைத்திரேற்றா லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைதரசனாச் சொன்னா 11 சொச்சம். 10 எண்டதைப் பாத்து நல்ல தண்ணி எண்டு எழுதியிருந்தா? உண்மையில அது 44.

எக்செலில அந்தப் பெருக்கலை எந்தக் கட்டத்தில செய்தம், எதில விட்டம் எண்டு நாளைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. பைத்தனில அது ஒரு வரி, எழுதினபடியே கிடக்கும், அவவின்ர சேர் கேட்டாலும் காட்டலாம். மூலப் பைலில நான் கையே வைக்கேல்ல. எக்செல் வேண்டாமெண்டு சொல்லேல்ல, அடிக்கவும் கண்ணால பாக்கவும் அதைமாதிரி வேற இல்லை.

நேற்று ராத்திரி திரும்ப ஓடவிட்டன். ரெண்டு கிணறு 50ஐத் தாண்டி நிக்குது. அதில ஒரு வீட்டில கைக்குழந்தை, அந்தத் தண்ணியில கரைச்ச போத்தல் பால்தான் குடிக்குது, நைத்திரேற்று கூடினா கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து, கொதிக்கவைச்சாலும் நைத்திரேற்று போகாது. தங்கச்சி விடிய முதல் வேலையா அங்க போறாவாம்.