கொக்குவிலில் ஒரு கடதாசி

யாழ்ப்பாணம் பொது நூலகத்தை விட்டு வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. 1981இல் எரிந்த கட்டடம், இப்போது வெள்ளை வெளேரென்று நிற்கிறது. முன்னால் சரஸ்வதி. படம் எடுக்க மனம் வரவில்லை. மாஸ்ரரைப் பார்க்கப் பஸ் ஏறிக் கொக்குவில் போனேன்.

மாஸ்ரர் உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸைத் தொட்டால் விடமாட்டார்.

"1889இல மோட் கொன்னைக் கண்டவர். 1891இல கலியாணம் கட்டச்சொல்லிக் கேட்டார், மாட்டன் எண்டிட்டா. பிறகும் கேட்டார், பிறகும் கேட்டார்."

அயர்லாந்தின் விடுதலைக்காக ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர் மோட் கொன். 1902இல் யேட்ஸின் நாடகத்தில் அயர்லாந்தாகவே நடித்தார். அடுத்த வருடம் மக்பிரைட் என்ற போராளியைக் கட்டினார். அந்த மனிதரை, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுட்டுக் கொன்றார்கள். அதே கோடையில் யேட்ஸ் திரும்பவும் போய்க் கேட்டாராம்! எனக்கு அது காதலாகவே படவில்லை, சரியான ஆக்கினை.

சொன்னேன். மாஸ்ரர் சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்ரிக் உறை கொண்டுவந்தார். மடிப்புகளில் கிழிந்த ஒற்றைக் கடதாசி. ஒரு பக்கம் நீல மையில், முந்தி ஒருத்திக்கு அவர் எழுதிக் கொடுத்த கவிதை. "நிலா" மட்டும் 4 தரம் வருகிறது. மறுபக்கம் போல்பொயின்றில் அவவின் கையெழுத்து: பிடிபட்ட பிள்ளைகளை விடச்சொல்லித் தாய்மார் அரச செயலகமான கச்சேரிக்கு வரவேண்டும் என்று ஒரு அறிவித்தல். 1984, யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தொடங்கிய வருடம்.

"றோணியோ மெசினில பிரதி அடிக்க முதல் எழுதிப் பாக்கக் கடதாசி தேடியிருக்கிறா. இதுதான் கையில அம்பிட்டிருக்கு."

"கவிதையை வாசிச்சவவோ?"

"வாசிச்சவ. எழுத்துப்பிழை ரெண்டைத் திருத்தியிருக்கிறா, பாரும்."

உண்மைதான். இரண்டு சொற்களுக்கு மேல் சின்னச் சின்னக் கீறல். வேறு பதில் இல்லை. பிறகு அவ ஜேர்மனிக்குப் போய்விட்டாவாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மை மங்கிப்போய் நிலாக்கள் தேடித்தான் தெரிகின்றன. அறிவித்தல் மட்டும் நேற்று எழுதியது மாதிரி.

பிளேன் ரீயோடு வந்த மாமி கடதாசியைக் கண்டா. "தொடங்கிட்டாரோ? 95 இடப்பெயர்வில இவர் சைக்கிளைத்தான் உருட்டினவர் தம்பி. காணி உறுதி, பிள்ளையளின்ர சேர்ட்டிபிக்கற், இது, எல்லாம் என்ர பையுக்கைதான் கொடிகாமம் மட்டும் வந்தது."

பனங்கட்டித் துண்டை என் கையில் வைத்துவிட்டு, கடதாசியை வாங்கி உறைக்குள் போட்டா.