மிருதங்கத்துக்கு ப்ரீசெட் கிடையாது

ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் புது ப்ராஜெக்ட் திறந்தால் நிமிடத்துக்கு 120 பீட், நாலுக்கு நாலு என்று அதுவே தீர்மானித்துக்கொண்டு வந்து நிற்கும். திரை முழுக்கக் கட்டங்கள். நான் முதலில் செய்வது இதையெல்லாம் அணைப்பதுதான். கட்டம் வேண்டாம், கட்டத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் ஸ்னாப் வேண்டாம், டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோம் வேண்டாம். கர்நாடக சங்கீதத்தை வீட்டிலேயே பதிவு செய்யக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் யார் கேட்டாலும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வேன். எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று சொல்லித்தர யூட்யூபில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாடங்கள் பெரும்பாலும் டிரம்ஸ், கிட்டார், பாப் பாட்டு இவற்றை மனதில் வைத்துச் சொன்னவை. அதில் எது நமக்கு ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் என் படிப்பெல்லாம் நடந்தது.

பகலில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் ரெக்கார்டிங் ரூம் ஆகிவிடும். பாடுகிறவர் என் அத்தை. ஒரு காலத்தில் ஐந்து கட்டை ஸ்ருதியில் பாடினவர், இப்போது நாலரை. மிருதங்கம் எதிர்வீட்டு மாமா. அத்தையின் மாணவர்களுக்குப் பாடங்களைப் பதிவு செய்து அனுப்பத்தான் தொடங்கினோம். அப்புறம் அது முழுக் கீர்த்தனை, ஆலாபனை, சின்னதாக ஒரு தனி ஆவர்த்தனம் என்று வளர்ந்துவிட்டது.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. விலை உயர்ந்த மைக்கை விட அறை முக்கியம் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். டைல்ஸ் போட்ட கூடத்தில் என்ன மைக் வைத்தாலும் குளியலறைச் சத்தம்தான் வரும். ஸ்டோர் ரூமில் ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் புடவை பீரோ. பீரோ கதவைத் திறந்தே வைத்துவிடுவேன், துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும். பாடுகிறவருக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். வைகாசியில் அது சிரமம்தான், அதற்காக ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்து காற்று வாங்கிவிட்டு மறுபடி உட்காருவோம்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்), 24 பிட். உச்சக்கட்டச் சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாத மாதிரி கெயினை (மைக் ஒலியை ஏற்றும் அளவை) வைப்பேன். 24 பிட்டில் கீழே நிறைய இடம் இருக்கிறது, சிவப்பு விளக்கு வரை ஏற்றிப் பதிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அத்தை திடீரென்று தாரஸ்தாயியில் குரலை விட்டாலும் உடையாது. அப்புறம் பஃபர், கம்ப்யூட்டர் ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து வைத்துக் கையாள்கிறது என்ற அளவு. 1024 சாம்பிளில் வைத்தால் ஒரு பஃபர் நிரம்பவே 21 மில்லி செகண்ட் ஆகும், பாடினது காதுக்குத் திரும்பி வருவது அந்த அளவுக்காவது தாமதமாகும். 128ல் வைத்தால் மூன்றுக்கும் குறைவு. மிருதங்கக்காரருக்கு அந்த 21 மில்லி செகண்ட் சொல்லே மாறிப்போன மாதிரி இருக்கும். அதனால் பதிவு செய்யும்போது 128, மிக்ஸிங்குக்கு உட்காரும்போது 1024.

சரி, தாளத்துக்கு வருகிறேன்.

கிளிக் (மெட்ரோனோமின் டிக் டிக்) இல்லாமல் பதிவு செய்தால் பிறகு வயலின் சேர்க்க முடியாதே, எடிட் செய்ய முடியாதே என்று கேட்பார்கள். முடியும். அத்தை பாடும்போது தொடையில் தாளம் போடுவார் இல்லையா, அதற்கென்று ஒரு காலர் மைக்கை முழங்கால் பக்கம் புடவையில் குத்தி, தனி டிராக்கில் பதிவு செய்கிறேன். அந்த டிராக்கை யாரும் கேட்கப் போவதில்லை, எனக்கு மட்டும்தான். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடத்திலும், ரீப்பரில் வேகத்தைக் குறிக்கும் ஒரு டெம்போ மார்க்கர் வைப்பேன். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கைக்கு ஒன்று. மிஸ்ர சாபு என்றால் ஏழுக்கு ஒன்று. வைத்து முடித்தபின் கட்டங்கள் எல்லாம் அத்தையின் கைக்கு வந்து உட்கார்ந்துவிடும். பல்லவியில் 72ல் இருந்தது சரணத்துக்குள் 74 ஆகியிருக்கும், சிட்டை ஸ்வரத்தில் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதன் பிறகு கிளிக்கைப் போட்டால் அது அத்தையின் காலப்பிரமாணத்தைப் பின்தொடர்ந்து அடிக்கும். வயலின்காரர் வேறு ஊரிலிருந்து வாசித்து அனுப்பினாலும் பொருந்தும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், ஆனால் பாட்டின் நடை கெடாமல் இருக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஸ்ருதி சரிசெய்யும் மென்பொருளும் இதே கதைதான். ஆட்டோ-டியூன் 1997ல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டெப்ராண்ட் அதற்கு முன் எண்ணெய் தேடும் துறையில், பூமிக்குள் அனுப்பிய அதிர்வலைகளைக் கணக்கிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தவர். அந்தக் கணிதம் குரலின் ஸ்ருதியைப் பிடிக்கவும் உதவியது. அற்புதமான கருவிதான். ஆனால் வழக்கமான அமைப்பில் அது ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படிகளைத்தான் தெரிந்து வைத்திருக்கிறது, குரல் எங்கே நின்றாலும் பக்கத்துப் படிக்கு இழுக்கும். தோடி காந்தாரத்தை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். அத்தை பாடிய ஒரு வரியை ஸ்ருதியைக் கோடாக வரைந்து காட்டும் பிளக்-இன்னில் போட்டுப் பார்த்தேன். சாதாரண காந்தாரம் என்று நாம் எழுதி வைத்திருக்கும் இடத்தில் கோடு நிற்கவே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி மத்யமத்தைத் தொடுகிற மாதிரி போய், மறுபடி இறங்கி, மறுபடி ஏறுகிறது. அந்த அசைவுதான் தோடி. கருவியை ஓடவிட்டால் அந்த அலை படிக்கட்டாக உடைந்து, ரி, க, ம என்று மூன்று தனித்தனி ஸ்வரமாகக் கேட்கும். ராகமே போய்விடும்.

அதற்காக அந்தக் கருவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. நீளமாகப் பிடித்து நிறுத்தும் பஞ்சமம் ஒன்று மூச்சுக் குறைவால் கடைசியில் மயிரிழை இறங்கியிருந்தால், அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையால் கொஞ்சம் ஏற்றலாம். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். பெரும்பாலும் "இன்னொரு தடவ பாடிடறேன்டி" என்பார்.

இப்போது மிருதங்கம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிரம்ஸுக்கு ஈக்யூ செய்வது, அதாவது ஒலியின் எந்த அலைவரிசையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எப்படி என்று எந்த வீடியோவைப் பார்த்தாலும் 400 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைக்கச் சொல்வார்கள். அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் அங்கேதான் சேரும் என்பார்கள். டிரம்ஸுக்கு அது சரி. சாதாரணத் தோலில் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்தில் இருக்காது. அடிப்படை அதிர்வு 1 என்றால் அடுத்தது 1.59, அதற்கடுத்தது 2.14, அப்புறம் 2.30 என்று தாறுமாறாகப் போகும். அதில் ஒரு பகுதியை வெட்டினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை அப்படி இல்லை. நடுவில் சாதமும் கல்பொடியும் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்த்து வைத்திருக்கும் கரணை அந்த விகிதங்களையே மாற்றிவிடுகிறது. மேல்சுரங்கள் 1, 2, 3, 4, 5 என்று, ஒரு தந்தியில் வருவது போல, வரிசையாக வந்து நிற்கும். சி.வி.ராமன் 1920லேயே நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார், 1934ல் இன்னும் விரிவாக எழுதினார். அதைப் படித்த பிறகுதான் ஈக்யூ திரையில் தெரியும் கொம்புகளுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது.

என் தம்பி ஒன்றரைக் கட்டையில் பாடுவான். அதன் ஷட்ஜம் 138.6 ஹெர்ட்ஸ். அவனுக்காக மாமா சேர்த்து வைத்திருக்கும் மிருதங்கத்தின் மீட்டுச் சொல்லை (விரலால் மீட்டும்போது ஸ்ருதியோடு ஒலிக்கும் சொல்லை) மட்டும் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அலைவரிசைகளைக் காட்டும் அனலைஸரில் பார்த்தால் 277, 416, 554 என்று 138.6இன் மடங்குகளில் கொம்புகள் எழும்பும். 416 என்ன? ஷட்ஜத்தின் மூன்று மடங்கு, அதாவது மேல்ஸ்தாயி பஞ்சமம். தம்புராவின் பஞ்சமத்தோடு சேர்ந்து ரீங்கரிக்கிற இடம். வீடியோவில் சொன்னபடி 400ல் குறைத்தால் நான் வெட்டுவது அட்டைப்பெட்டிச் சத்தத்தை அல்ல, பஞ்சமத்தை. குறைத்தும் விட்டும் மாற்றி மாற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியும். மிருதங்கம் ஸ்ருதியோடு சேர்ந்து இருந்தது, சட்டென்று வெறும் தட்டலாகிவிடும்.

அத்தை பாடுவது நாலரைக் கட்டை. ஷட்ஜம் 185. மாமா வேறு மிருதங்கம் எடுத்து வருவார், கொம்புகள் எல்லாம் 370, 555 என்று இடம் மாறிவிடும். தம்பிக்குச் சேமித்து வைத்த ஈக்யூ அத்தைக்கு உதவாது. கட்டை மாறினால் ஈக்யூ மாறும். அதனால்தான் மிருதங்கத்துக்கென்று நான் ப்ரீசெட், அதாவது தயாராகச் சேமித்த அமைப்பு, எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஷட்ஜத்தின் எண்ணைத் தாளில் எழுதி, அதன் மடங்குகளைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களில் மட்டும் கை வைக்கிறேன்.

இடது முகமான தொப்பிக்குத் தனி மைக். மைக் ஒவ்வொன்றும் தோலிலிருந்து ஒரு சாண் தள்ளி. இரண்டு மைக் வைத்ததுமே ஒரு பிரச்சினை வரும். தொப்பி அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, அதே நேரத்தில் மிருதங்கத்தின் மரக்கட்டைக்குள் இருக்கும் காற்று வலந்தலையை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் ஒன்றுக்கொன்று எதிரான அலையைப் பிடிக்கும். இரண்டையும் கூட்டினால் அடிநாதம் கரைந்துபோகும். ஒரு டிராக்கில் வட்டத்தில் கோடு போட்ட போலாரிட்டி பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். எது கனமாகக் கேட்கிறதோ அது சரி. ஈக்யூவைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் இது.

சத்தம் குறைந்ததும் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போடுவதே இல்லை. மாமா தொப்பியில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி போடுவார், அது மெல்ல வளைந்து மேலே போய்த் தேய்ந்து மறையும். அந்தத் தேய்வைத்தான் கேட் முதலில் வெட்டும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை லேசாகப் போடுவேன். ரேஷியோ (அழுத்தும் விகிதம்) இரண்டுக்கு ஒன்று, அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) 25 மில்லி செகண்ட் அளவில். அட்டாக்கை ஒரு மில்லி செகண்டுக்குக் கொண்டுபோனால் த, கி, ந எல்லாம் முனை மழுங்கி ஒரே சொல்லாகிவிடும். கம்ப்ரஸரின் ஊசி மூன்று டெசிபலுக்கு மேல் இறங்கினால் ஏதோ அதிகம் என்று எடுத்துக்கொள்வேன்.

எந்த மென்பொருள் பாடத்திலும் வராத விஷயம் ஒன்று உண்டு. வாசிக்கும் முன் மாமா ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவே அப்புவார். அந்த ஈரத்தில்தான் தொப்பிக்குக் கனம். நேரம் ஆக ஆக ரவை காயும், தொப்பி மெல்ல மேலே ஏறும், கும்கியின் அடிவயிறு குறையும். மாமா விரல் நுனியில் தண்ணீர் தொட்டு வைத்துக்கொள்வார். ஆக, எட்டு மணிக்கு எடுத்த டேக்கையும் (ஒரு முறை எடுத்த பதிவையும்) ஒன்பதரைக்கு எடுத்த டேக்கையும் வெட்டி ஒட்டினால் ஒட்டின இடம் பளிச்சென்று தெரியும், எவ்வளவு நைசாக கிராஸ்ஃபேட் போட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கலந்துவிட்டாலும். ரவை புதிதாக அப்பின நேரத்தை டேக்கின் பெயரோடு சேர்த்தே எழுதிவைக்கிறேன். ஒரே ஈரத்தில் எடுத்த டேக்குகளுக்குள்தான் வெட்டி ஒட்டுவது.

ரிவர்ப், அதாவது செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலி, பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. குரலுக்கும் மிருதங்கத்துக்கும் ஒரே ரிவர்ப் டிராக், குரல் கொஞ்சம் அதிகமாக, மிருதங்கம் கொஞ்சமாக. இருவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்க வேண்டும். அதுக்கு மேல் போட்டால் ஸ்வரம் பாடும்போது ஒன்றோடு ஒன்று குழம்பும்.

கடைசியாகச் சத்தத்தின் அளவு. ஸ்பாட்டிஃபை சாதாரணமாகப் பாட்டுகளை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடும். நாம் உச்சங்களை நசுக்கும் லிமிட்டரை அழுத்தி மைனஸ் 8 வரை ஏற்றிக் கொடுத்தாலும் அது குறைத்துவிடும், நசுக்கின நசுக்கல் மட்டும் அப்படியே இருக்கும். ஆலாபனையின் ஆரம்பத்தில் அத்தை கிட்டத்தட்டத் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரிப் பாடுவார். அந்த இடமும் மிருதங்கத் தீர்மானமும் ஒரே சத்தத்தில் கேட்டால் கச்சேரியில் என்ன மிச்சம்? அதனால் என் மிக்ஸ் மைனஸ் 18 பக்கம்தான் வந்து நிற்கிறது. சத்தம் போதவில்லை என்று மாணவர்கள் யாராவது சொன்னால், வால்யூமைக் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அத்தையிடமே சொல்லிவிட்டேன். அத்தையும் அப்படியே சொல்லிவிட்டார்.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் போன் ஸ்பீக்கரில். அதில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் அநேகமாகக் கேட்கவே கேட்காது. ஆனால் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலினால் வரும் ரீங்காரம் மேலே இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. அந்தப் பகுதியில் தம்புரா டிராக்கை மட்டும் இரண்டு டெசிபல் ஏற்றி, மோனோவில் மாற்றி, போனிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். கீழ் ஷட்ஜம் இல்லாவிட்டாலும் அதன் மடங்குகளை வைத்தே காது ஸ்ருதியைப் பிடித்துக்கொள்கிறது, பிள்ளைகளும் அதோடு சேர்ந்து பாட முடிகிறது.