சிவப்புக் கட்டத்தில் நான் கற்றது

ஆஸ்துமா சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் நான், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பட அட்டைகளைக் கொண்டு மருந்து முறையை விளக்கி வருகிறேன். தொடக்கத்தில், எழுத்தைப் படமாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றே நம்பியிருந்தேன்.

அட்டையில் மூன்று கட்டங்கள் உண்டு. மூச்சை வெளியே விடும் வேகத்தை அளக்க ஊதிப் பார்க்கும் கருவியில் அவரவரின் மிகச் சிறந்த அளவில் 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பச்சை, 50 முதல் 80 வரை மஞ்சள், 50க்குக் கீழே போனால் சிவப்பு. இளைப்பு முற்றிய நிலையில் சிகிச்சைக்கு வந்த ஒருவரிடம், இன்ஹேலரை ஏன் எடுக்கவில்லை என்று பிறகு கேட்டேன். “சிவப்பு என்றால் நிறுத்து என்பதுதானே சிஸ்டர்? அதனால்தான் மருந்தை நிறுத்தினேன்” என்றார். உடனே நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டிய கட்டத்தை, சாலை விளக்காகவே அவர் படித்திருக்கிறார். பிழை அவருடையதன்று, வண்ணத்தை மட்டும் நம்பி அட்டையைக் கொடுத்த எங்களுடையது. இப்போது அக்கட்டத்தில், முழங்காலில் கையூன்றி முன்னே குனிந்து மூச்சு வாங்கும் ஒருவரும், அவர் வாயில் பொருத்திய இன்ஹேலரும், பக்கத்திலேயே ஆம்புலன்ஸும் இருக்கின்றன.

அதன்பின் ஒவ்வொரு படத்தையும் நோயாளிகளிடமே காட்டி, இது என்ன சொல்கிறது என்று கேட்கத் தொடங்கினோம். மருந்தை உள்ளிழுத்தபின் 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும் என்பதற்காக வரைந்த கடிகாரத்தைப் பார்த்த ஒரு பெண்மணி, பத்து மணிக்கு மருந்து எடுக்க வேண்டும் என்றார். கடிகாரத்தை நீக்கிவிட்டு, விரித்த இரு கைகளை வரைந்தோம். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவது எல்லோருக்கும் வருகிறது. மருந்துப் புகை கண்ணுக்குத் தெரியட்டும் என்று உதட்டுக்கு வெளியே வரைந்திருந்ததும் தவறாயிற்று. அதைப் பார்த்தவர்கள் கருவியை வாயிலிருந்து தள்ளிப் பிடித்து அழுத்தினார்கள். இன்ஹேலர்களின் நிறம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், அவரவர் கையில் இருக்கும் கருவியின் நிறத்தையே அட்டையில் தீட்டித் தருகிறோம்.

என் அனுபவத்தில் மிகுதியாக உதவியவை இரண்டு குழாய்களின் படங்கள்தாம்: ஒன்று திறந்த மூச்சுக்குழாய், மற்றொன்று உட்சுவர் வீங்கிச் சளி அடைத்தது. இளைப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் முழுவதும் வடிந்திருக்காது என்பதை இவற்றைக் காட்டிச் சொன்னபிறகே, இளைப்பு வராமல் தடுக்கும் இன்ஹேலர் மருந்தை ஏன் தினமும் எடுக்க வேண்டும் என்பது பலருக்கு விளங்குகிறது. “புரிந்ததா?” என்று நான் இப்போது கேட்பதில்லை, கருவியைக் கையில் கொடுத்து, வீட்டில் செய்வதுபோல் செய்து காட்டச் சொல்கிறேன்.

மஞ்சள் கட்டம் இன்னும் சரியாக அமையவில்லை. இரவில் இருமலால் விழித்துக்கொள்வதைக் காட்ட, நிலவொளியில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருப்பவரை வரைந்தோம். சிலர் அதைத் தூக்கமின்மை என்று படிக்கிறார்கள். மூன்றாவது முறையாக அதை மாற்றி வரைந்துகொண்டிருக்கிறோம்.