லெய் என்றால் அவளா, நீங்களா? டைலன் டாக் புது இதழ், 61ஆம் பக்கம் வரை

டைலன் டாக் என்கிற துப்பறிவாளன் வருகிற இத்தாலிய காமிக்ஸ் இது. கதை 94 பக்கம். 61 முடிந்தது. மீதி 33ஐ முடிக்காமல் நடுவிலேயே இதை எழுதக் காரணம் 38ஆம் பக்கம். அங்கே ஒரு பலூனை, அதாவது வசனக் குமிழை, தப்பாகப் படித்ததில் அடுத்த இருபது பக்கம் சம்பந்தமே இல்லாத ஒருத்தி மேல் சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலிய மூலத்தில் டைலனைப் படிக்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் விழுகிற குழிதான் இது.

முதல் சுற்று வழக்கம்போல: எழுத்தைத் தொடாமல் படம் மட்டும். பதிப்பகமான போனெல்லியின் பக்கக் கட்டம் தெரிந்ததுதான், மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு படம், அதற்கு மேல் போவது அபூர்வம். 40 நிமிடத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள், எங்கே இருட்டுகிறது, எங்கே டைலனின் உதவியாளன் க்ரௌச்சோ (நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸின் அச்சு) துப்பாக்கியைத் தூக்கிப் போடுகிறான் என்பதெல்லாம் பிடிபட்டுவிடும். இரண்டாவது சுற்றில் பென்சிலோடு பலூன்கள், ஒரு மணி நேரத்துக்கு எட்டுப் பக்கம். அகராதி மூன்றாவது சுற்றில்தான். முதலிலேயே அகராதியைத் திறந்தால் பத்தாம் பக்கத்தில் தூக்கம் வரும்.

குழி எங்கே என்றால், பலூன் எழுத்து முழுக்கப் பெரிய எழுத்து. புத்தக இத்தாலியனில் 'லெய்' சிறிய எழுத்தில் தொடங்கினால் அவள்; மரியாதைக்குரிய 'நீங்கள்' என்றால் பெரிய எழுத்தில் போடுகிற வழக்கம் இருக்கிறது. பலூனுக்குள் வந்ததும் அந்த வித்தியாசம் செத்துப்போகிறது. வினைமுற்றாவது காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை, இரண்டுக்கும் ஒரே படர்க்கை ஒருமைதான். மாதிரிக்கு: 'லெய் ஆ விஸ்தோ இல் மோர்தோ'. பிணத்தை அவள் பார்த்தாள். பிணத்தை நீங்கள் பார்த்தீர்கள். இரண்டும் சரி. எழுவாயை விட்டுவிட்டு 'ஆ விஸ்தோ' என்று மட்டும் வந்தால் 'பார்த்தான்' என்பதும் சேர்ந்துகொள்ளும். நாமும்தான் எழுவாயை விழுங்குகிறோம், ஆனால் பார்த்தாளா பார்த்தீர்களா என்று விகுதி காட்டிக்கொடுத்துவிடும். சாட்சியை விசாரிக்கிற கதையில் இது சின்ன விஷயமா?

'லா' (உங்களை, அவளை), 'லே' (உங்களுக்கு, அவளுக்கு) இரண்டும் இதே ரகம். 'லா சேர்கனோ' என்றால் உங்களைத் தேடுகிறார்கள், அல்லது அவளைத் தேடுகிறார்கள். 38ஆம் பக்கத்தில் காலை வாரியது இந்த 'லா'தான்.

இப்போது கைவசம் இருக்கிற வழிகள் மூன்று. முதலாவது, அந்த இருவரும் அதற்கு முன் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று பின்னால் புரட்டிப் பார்ப்பது. எங்காவது 'திம்மி' என்று வந்திருந்தால் அது 'சொல்லு'; அவர்களுக்குள் 'து', அதாவது 'நீ', ஓடுகிறது, ஆகவே 'லெய்' கட்டாயம் மூன்றாம் ஆள். 'மி தீகா' என்று வந்திருந்தால் அது 'சொல்லுங்கள்', அங்கே உஷார். இரண்டாவது, எச்சத்தின் முடிவு. 'லெய் ஏ அந்தாத்தோ' என்று ஓகாரத்தில் முடிந்தால் எதிரே நிற்பது ஆண், சொல்வது 'நீங்கள் போனீர்கள்'. அவளாக இருந்தால் 'அந்தாத்தா' என்று வந்திருக்கும். ஆனால் எதிரே நிற்பதும் பெண் என்றால் இந்த வழி அடைபட்டது. 'ஆ விஸ்தோ' போன்றவற்றில் எச்சம் ஆளுக்கேற்ப மாறாது என்பதால் அங்கேயும் உதவாது. மூன்றாவது, படம். பேசுகிறவரின் கண் எங்கே? 38இல் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. முதல் சுற்றில் அதைக் கவனித்து ஓரத்தில் அம்புக்குறி போட்டிருந்தால் இருபது பக்கம் வீணாகியிருக்காது. இப்போது முதல் சுற்றிலேயே அம்பு போட்டாகிறது, விசாரணைக் காட்சிகளுக்கு மட்டும்.

இன்னொரு கூத்து: டைலனிடம் வழக்கோடு வருகிற பெண் முதலில் 'லெய்' போட்டுப் பேசுவாள். காதல் வந்ததும் 'து'வுக்கு மாறிவிடும். அது எந்தப் பக்கத்தில் மாறுகிறது என்று மேல் மூலையில் குறித்துவைப்பது பெரிய உபயோகம்.

கைபேசிக் கேமரா மொழிபெயர்ப்பை நம்பி இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஒவ்வொரு பலூனையும் தனித்தனியாக எடுக்கிறது, முன்பக்கம் அதற்குத் தெரியாது, ஆகவே லெய் விஷயத்தில் பூவா தலையாதான். வரி முடிவில் கோடு போட்டு உடைத்த சொல்லையும் இரண்டு சொல்லாக்கிவிடும். தனிச்சொல் அர்த்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

க்ரௌச்சோவை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அவன் கடி ஜோக்குகள் பாதி ஒலிப்பில் நிற்கின்றன. 'பெஸ்கா' என்றால் மீன்பிடிப்பு, பீச் பழமும் அதுதான். எழுத்தில் இரண்டும் ஒன்று. இதைத் தமிழில் பெயர்க்கக் கூடாது, ஈடு கட்ட வேண்டும்: "ஆறு கடக்கச் சொன்னாங்க சார், அஞ்சுலயே நின்னுட்டேன்" என்கிற தரத்தில். லயன்-முத்து காமிக்ஸ் தமிழில் டைலனைக் கொண்டுவந்தபோது சிவகாசியில் இதற்கு எவ்வளவு மண்டையை உடைத்திருப்பார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. 1999இல் அமெரிக்கப் பதிப்பகமான டார்க் ஹார்ஸ் ஆங்கிலத்தில் போட்டபோது சட்டச் சிக்கலுக்குப் பயந்து க்ரௌச்சோவின் மீசையை அழித்து ஃபீலிக்ஸ் என்று பெயர் மாற்றிய கொடுமையோடு ஒப்பிட்டால் நம்மவர்கள் தங்கம். டைலன் அதிர்ச்சியில் கத்துகிற 'ஜூதா பல்லெரினோ'வை மட்டும் தொடவே வேண்டாம். 'நடனமாடும் யூதாஸ்' என்று எழுதினால் சிரிப்பு வரும், 'அடக் கடவுளே' என்றால் உப்புச் சப்பில்லை.

முதுகுப்பசை பற்றி: 16க்கு 21 சென்டிமீட்டர், தையல் கிடையாது, வெறும் பசை. மேசையில் விரித்து அழுத்தினால் நடுவில் வெள்ளைக் கோடு விழும், மூன்றாவது தடவை தாள் கையோடு வரும். 90 பாகைக்கு மேல் திறக்காமல் இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே சாய்த்துவைத்துப் படிப்பதே வழி. பென்சில் 2பி. எச்பி தாளைக் குழியாக்குகிறது, அழித்தாலும் தடம் நிற்கிறது. பெரிய கறுப்புப் பரப்புள்ள பக்கங்களில் விரல் வைத்தால் மை ஒட்டும், முக்கியமாக மழைக்காலத்தில்.

பழைய இதழ் தேடுகிறவர்கள் அட்டையில் 'ரிஸ்தாம்பா' என்று இருக்கிறதா பார்த்து வாங்கவும். மறுபதிப்பு என்று பொருள். சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள், பென்சில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு அதுதான் லாபம், கிறுக்க மனம் உறுத்தாது. 1986 அக்டோபரில் வந்த முதல் இதழை, அதாவது ஸ்க்ளாவி எழுத்து, ஸ்தானோ படம், அப்படி ஒரு மறுபதிப்பாக வாங்கி அடுத்து இதே மூன்று சுற்று முறையில் படிப்பதாகத் திட்டம். நூறாவது இதழையும் சேர்த்து வாங்கலாம், அது முழு வண்ணம். வண்ணத்தில் பென்சில் குறி தெரியுமா என்று பார்க்க வேண்டும். கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுவது, லண்டன் க்ரேவன் ரோடு 7ஆம் எண் வீட்டில் டைலன் கட்டி முடிக்காத கப்பல் பொம்மைக்குத் துணையாக இருக்கட்டும்.

62ஆம் பக்கத்தில் தொலைபேசி ஒலிக்கிறது. பலூன் வால் ரிசீவரிலிருந்து வருகிறது, ஆள் படத்தில் இல்லை, கண் எங்கே என்று பார்க்கவும் வழியில்லை. முதல் சொல் 'லா'. 'உங்களை', 'அவளை' இரண்டையும் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தாயிற்று.