‘தம்பி, உங்க மீனு’

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மே மாதக் காலை. கோவளம் முகத்துவாரத்தில் ஏழு மணிக்கே வெயில் முதுகைச் சுட ஆரம்பித்திருந்தது. நான் கொண்டு போயிருந்தது சின்னத் தூண்டில் ராடு, மெல்லிய நரம்பு (தூண்டில் கயிறு). அரைக் கிலோ ஒரு கிலோ மீன் ஏதாவது மாட்டும் என்கிற கணக்கு. லூரை, அதாவது செயற்கை இரையை, வந்து அடித்ததோ ஒரு கொடுவா, அதுவும் என் வாழ்நாளில் அதுவரை பார்க்காத அளவில்.

நரம்பு அறுந்துவிடக் கூடாதே என்று ஓடவிட்டு இழுத்து, ஓடவிட்டு இழுத்து, இருபத்தைந்து நிமிடம் போனது. கரையேற்றி டேப் வைத்தால் 98 சென்டிமீட்டர். தாடையில் கையை விட்டுத் தூக்கி நிறுத்தினேன், நண்பன் படம் எடுத்தான். முதல் படத்தில் என் கண் மூடியிருந்தது, இன்னொன்று. அதற்குள் மீன் துள்ளி மணலில் விழுந்தது, கழுவிவிட்டு இன்னொன்று. அப்புறம் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை விட்டேன், வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனது. படத்தை அங்கேயே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கேட்ச் அண்ட் ரிலீஸ், கைகூப்பும் பொம்மை, எல்லாம்.

பத்து நிமிடம் இருக்கும். வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் உப்பங்கழியோரமாக நடந்து வந்தார், தோளில் என் கொடுவா. “தம்பி, உங்க மீனு. அந்தாண்ட மல்லாந்து கெடந்துச்சு” என்று நீட்டினார். கிலோ 500 ரூபாய்க்குக் குறையாத மீன் அது, பேசாமல் எடுத்துப் போய் விற்றிருக்கலாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் விட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, கிண்டல் துளியும் இல்லாமல் கேட்டார்: “நீங்க சைவமா தம்பி?”

முந்தின நாள் ராத்திரிதான் வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டிருந்தேன். பையில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது, சூப்பர் ப்ரோ, பெரிய மனசு ப்ரோ என்று.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழில் ‘விட்டுப் பிடி’ என்று சொல்வோம், பிடித்து விடுவதற்கு நம்மிடம் ஒரு சொல்வழக்கே கிடையாது. தின்பதற்கு இல்லையென்றால் ஒரு உயிரின் வாயில் முள்ளை மாட்டி அரை மணி நேரம் இழுத்து விளையாடுவது எதற்கு? சுவிட்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், திரும்ப விடும் எண்ணத்தோடு தூண்டில் போடக் கூடாது என்று 2009-இலிருந்து தடை. ஜெர்மனியிலும் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வெறும் பொழுதுபோக்குக்காகப் பிடித்து விடுவது தவறுதான். அந்தச் சட்டங்கள் கேட்பதும் வலைக்காரர் கேட்டதும் ஒரே கேள்விதான்.

ஆனால் நான் விட நினைத்ததும் முட்டாள்தனம் இல்லை. கொடுவாவின் பிழைப்பு விசித்திரமானது. பெரும்பாலும் அது ஆணாகத்தான் முதிர்கிறது, சில வருடம் ஆணாக இருந்துவிட்டு, ஏறக்குறைய 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்குள் பெண்ணாக மாறுகிறது. அதாவது 98 சென்டிமீட்டரில் என் கையில் தொங்கியது அநேகமாகப் பெண். அந்த அளவுக்கு வளர அதற்கு ஆறேழு வருடம் ஆகியிருக்கும், அத்தனை வருடமும் வலைகளுக்குத் தப்பியிருக்கிறது. 120 சென்டிமீட்டர் கொடுவா ஒன்று 3 கோடி முட்டைக்கு மேல் போடும். நாம் கிலோக் கணக்கில் யோசிக்கிறோம், பத்துக் கிலோ மீன் ஒன்று என்றால் ரெண்டு கிலோ மீன் ஐந்துக்குச் சமம் என்று. சினைக் கணக்கு அப்படி இல்லை. அட்லாண்டிக் காட் மீனில் 30 கிலோ தாய் ஒன்று, 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து போடுவதைவிட அதிக முட்டை போடுகிறது என்று 2018-இல் ஒரு ஆய்வு வந்தது.

கொடுவாக் குஞ்சைத்தான் செயற்கையாகவே பொரிக்க வைக்கிறார்களே என்று குழுவில் ஒருவர் சொன்னார். உண்மைதான், கோவளத்தை ஒட்டிய முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் சிபா (மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம்) 1997-இலேயே அதைச் செய்துவிட்டது. ஆனால் அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் போவது பண்ணைக் குளத்துக்கு. கழியில் இருக்கும் கொடுவாவுக்குத் தாய் கழியிலும் கடலிலும்தான் இருந்தாக வேண்டும்.

நம் பக்கத்துச் சட்டமும் சின்ன மீனைப் பற்றியே கவலைப்படுகிறது. கேரளாவில் 2015-இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு கொண்டுவந்தார்கள், அதற்குக் கீழே பிடிக்கக் கூடாது. நல்லதுதான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு இரண்டு பக்கமும் வேலி: 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் தொடாதே, 120-க்கு மேலேயும் தொடாதே, நடுவில் உள்ளதைச் சாப்பிடு. எனக்கு இதுதான் மூளையுள்ள விதி என்று தோன்றுகிறது. சமையலுக்கும் அதுவே சரி, ரெண்டு மூணு கிலோ கொடுவாவின் ருசி பத்துக் கிலோவில் வராது. (தலைக் குழம்பு விஷயத்தில் என் மாமியார் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.)

சரி, அந்த மீன் ஏன் செத்தது? விட்டதால் இல்லை, விடுவதற்கு முன்னால் நான் செய்த எல்லாவற்றாலும். மெல்லிய நரம்பில் இருபத்தைந்து நிமிடம் இழுத்தால் மீன் மூச்சு வாங்கி ஓய்ந்துவிடுகிறது, மே மாதச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. அந்த எடையைத் தாடையில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் தாடையும் உள்ளுறுப்பும் என்ன ஆகும்? மணலில் விழுந்ததில் வழுவழுப்பு உரிந்து போனது. மூன்று படத்துக்கு மூன்று நிமிடமாவது காற்றில் இருந்திருக்கும். வாலைத் தட்டிவிட்டுப் போனதே என்று நான் மகிழ்ந்தது, ஓடி முடித்தவன் கடைசியாக நாலு எட்டு வைத்த மாதிரி.

இப்போது பெரிய மீன் வரும் இடத்துக்குப் போனால் தடித்த ராடும் கனத்த நரம்பும்தான், சீக்கிரம் கரைக்கு வந்தாக வேண்டும். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் பார்பைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். கரைக்குத் தூக்குவதில்லை, தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுவது. படம் எடுத்தால் ஒன்று, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்து. கண் மூடியிருந்தால் மூடியிருக்கட்டும். செவுளில் முள் குத்தி ரத்தம் வந்தால் எவ்வளவு பெரிசானாலும் வீட்டுக்குத்தான். சித்திரை வைகாசியில் பெரிசு வரும் இடத்துக்கே போவதில்லை, இதைச் சொன்னால் குழுவில் யாருக்கும் பிடிக்கவில்லை.

கலவா வேறு கதை. அது பெண்ணாகத் தொடங்கிப் பிறகு ஆணாகிறது, ஆக அங்கே பெரிசையெல்லாம் எடுத்தால் ஆண் பஞ்சம். ஆனால் ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால் காற்றுப்பை உப்பி வயிறு வாய் வழியே பிதுங்கி வருகிறது. மேலே அப்படியே விட்டால் மிதக்கும், பருந்துக்கு இரை. அதைத் திரும்பக் கீழே இறக்கும் கருவி என்னிடம் இல்லை, அதனால் படகில் போனால் வீட்டுக்குத் தேவையான ரெண்டு கலவாவோடு ஆழத்துத் தூண்டிலைச் சுருட்டிவிடுகிறேன்.

வலைக்காரரிடம் போய்ப் பெரிசை விடுங்கள் என்று நான் சொல்வேனா? மாட்டேன். அவருக்கு அது ஒரு மாத வட்டி. எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

போன மாதம் அவரை மறுபடி பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டு, “இன்னமும் விட்டுக்கினுதான் இருக்கீங்களா?” என்றார். பெரிசை மட்டும் என்றேன். “பெரிசாத்தானே விடறீங்க, இந்தப் பக்கமா விடுங்க” என்று சிரித்துக்கொண்டே வலையை உதறினார்.